லூச்சியாவின் பைத்தியக் காட்சியில் டோனிசெட்டி எழுதாத நிமிடங்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ‘லூச்சியா டி லம்மர்மூர்’ ஓபராவை (இசைநாடகத்தை) பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஒரே ஓர் இடத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். முதலிரவு அறையில் கணவனைக் குத்திக் கொன்றுவிட்டு, கறை படிந்த வெள்ளை உடுப்போடு லூச்சியா கல்யாண விருந்தினர் நடுவே வந்து நிற்கிறாள். அந்தப் பைத்தியக் காட்சியில் ஓரிடத்தில் இசைக்குழு முழுவதும் அடங்கிவிடும். நடத்துநர் கோலைத் தாழ்த்திவிடுவார். லூச்சியாவாகப் பாடும் சோப்ரானோவும் (மேல்ஸ்தாயிப் பெண்குரல்) ஒற்றைப் புல்லாங்குழலும் மட்டும் மிஞ்சும். அவள் ஒரு சங்கதி பாட, குழல் அதையே திருப்பிச் சொல்லும். பிறகு இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கி, கடைசியில் மேல்ஸ்தாயி ஈ-ஃப்ளாட்டில் போய் நிற்கும். அரங்கம் அதிரும். பாடகி தன் வித்தையைக் காட்டும் இப்படிப்பட்ட பகுதிக்குக் கடென்ஸா என்று பெயர். இரண்டு மூன்று நிமிடம் நீளும் இந்தக் கடென்ஸாவை அமைத்தது டோனிசெட்டி இல்லை.

இது ஒன்றும் ரகசியமில்லை. ஓபரா ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்திய விமர்சனப் பதிப்பும் வந்துவிட்டது. இருந்தும் வாதம் ஓயவில்லை. இசையமைப்பாளர் எழுதாததை வெட்டி எறி என்கிறது ஒரு கட்சி. நூறு வருடத்துக்கு மேலான வழக்கத்தில் கை வைக்காதே என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. யார் எழுதியது என்று கேட்பதைவிட, எந்த வாத்தியம் உள்ளே வந்தது, அது வந்ததால் காட்சி என்ன ஆனது என்று கேட்டால் விஷயம் தெளிகிறது.

சம்பளம் வராத கோடை

1835, நேப்பிள்ஸ், சான் கார்லோ அரங்கம். நெடுங்காலம் அதை நடத்திய பார்பாயா விலகியிருந்தார். ஒரு பங்குதாரர் சங்கம் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தது. கையில் காசில்லை. டோனிசெட்டிக்கு அப்போது 37 வயது. ஒப்பந்தம் போட்டாயிற்று, ஆனால் சங்கம் பாடல்வரிகளுக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது. மே மாதக் கடைசியில், இனியும் தாமதித்தால் பொறுப்பு என்னுடையதல்ல என்கிற தொனியில் அவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது. கையெழுத்துப் பிரதியில் முடித்த தேதி ஜூலை 6. கணக்குப் போட்டால் ஆறு வாரத்துக்கும் குறைவு.

அந்த வேகத்துக்கு மாயமந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றைய இத்தாலிய இசையமைப்பாளர்கள் முதலில் எலும்புக்கூட்டை எழுதுவார்கள்: பாடும் குரல், அடியில் பாஸ் வரி, இடையில் முக்கியமாகத் தெரிய வேண்டிய வாத்தியத்தின் மெட்டு. மற்ற வாத்தியங்களுக்கான வரிகளைத் தாளில் காலியாக விட்டுவைத்து, பிறகு நிரப்புவார்கள். பாட்டின் கட்டுமானமும் ஏற்கெனவே வகுக்கப்பட்டதுதான். முதலில் பேச்சுபோல ஒரு பகுதி, பிறகு மெதுவான பாட்டு, நடுவில் ஏதோ ஒரு செய்தியோ ஆளோ வந்து நிலைமையைத் திருப்பும், முடிவில் கபலெட்டா என்கிற விறுவிறுப்பான பாட்டு இரண்டு தடவை. இரண்டாம் தடவை பாடகி தன் கைவரிசையைக் காட்டலாம், காட்ட வேண்டும். பைத்தியக் காட்சியும் இதே அச்சில் வார்த்ததுதான். அச்சு இருந்ததால்தான் எங்கே மீறுவது என்று அவருக்குத் தெரிந்தது.

பாடல்வரிகள் சால்வதோரே கம்மரானோவுடையவை. இருவரும் சேர்ந்த முதல் படைப்பு இது. வால்டர் ஸ்காட்டின் 1819-ஆம் ஆண்டு நாவலை எடுத்து, கம்மரானோ கத்தரிக்கோலை ஈவிரக்கமில்லாமல் போட்டார். நாவலில் பெண்ணைப் பிடிக்காத கல்யாணத்துக்குள் தள்ளுவது அம்மா. ஓபராவில் அம்மாவே கிடையாது, அந்த வேலை முழுதும் அண்ணன் என்ரிக்கோவின் தலையில் ஏறியது. நாவலில் மாப்பிள்ளை காயத்தோடு பிழைத்துக்கொள்கிறான், ஓபராவில் சாகிறான். நாவலில் காதலன் புதைமணலில் மறைகிறான், ஓபராவில் கல்லறைத் தோட்டத்தில் தன்னையே குத்திக்கொள்கிறான். முக்கியமாக, நாவலில் அந்தப் பெண் புத்தி பேதலித்தபின் பேசுவது அநேகமாக ஒன்றுமில்லை. அவளை ஒரு காட்சி முழுக்கப் பாட வைத்தது நேப்பிள்ஸ்தான்.

இசை முடிந்தும் அரங்கேற்றம் நடக்கவில்லை. சம்பளம் வராததால், லூச்சியாவாகப் பாட வேண்டிய 22 வயது ஃபான்னி தாக்கினார்டி-பெர்சியானி ஒத்திகைக்கு வர மறுத்தார். சங்கம் திவாலாகப் போகிறது, வெசுவியஸ் வேறு புகைகிறது என்று டோனிசெட்டி அந்தக் கோடையில் நக்கலாக எழுதினார். ஒருவழியாக செப்டம்பர் 26 அன்று திரை உயர்ந்தது. காதலன் எட்கார்தோவாக ஜில்பேர் துப்ரே, என்ரிக்கோவாக டொமெனிக்கோ கோஸ்ஸெல்லி. பெரிய வெற்றி. மூன்று நாள் முன்பு பாரிஸுக்குப் பக்கத்தில் இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளரான பெல்லினி இறந்துபோயிருந்தார். செய்தி இன்னும் நேப்பிள்ஸுக்கு எட்டியிருக்கவில்லை.

இந்தக் காசுத் தகராறைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பைத்தியக் காட்சியின் ஒலியை மாற்றியதும் இதுதான்.

அடிக்கப்பட்ட வரி

கையெழுத்துப் பிரதியில் பைத்தியக் காட்சிப் பக்கங்களைத் திறந்தால், குரலோடு கூட வரும் மெட்டு முதலில் புல்லாங்குழலுக்கு எழுதப்படவில்லை. கண்ணாடி ஆர்மோனிகாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. வாயில் வைத்து ஊதும் ஹார்மோனிகாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1761-ல் வடிவமைத்த வாத்தியம் இது. அளவு வாரியான கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக, படுக்கைவாட்டில் ஒரே அச்சில் கோத்து, தையல் மிஷின்போலக் காலால் மிதித்துச் சுழற்றுவார்கள். சுழலும் விளிம்பில் ஈர விரலை வைத்தால் கண்ணாடி பாடும். டோனிசெட்டி எழுதிய ஆர்மோனிகா வரியின் மேல் கோடு கோடாக அடித்து, அந்த மெட்டைப் புல்லாங்குழலுக்கு மாற்றியிருக்கிறார்கள். வாசிக்க இருந்தவர் டொமெனிக்கோ போட்ஸி. அவருக்கும் அரங்க நிர்வாகத்துக்கும் பணத் தகராறு முற்றி, அவர் விலகிக்கொண்டார்.

அடித்த கோட்டைக் காட்டி, இசையமைப்பாளரே மனம் மாறிவிட்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் வலுவான ஆதாரமும் உண்டு: டோனிசெட்டி 1848 வரை உயிரோடிருந்தார், 1839-ல் பாரிஸுக்காகப் பிரெஞ்சு வடிவத்தை அவரே திருத்தியபோதும் ஆர்மோனிகாவைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆனால் நடைமுறை தெரிந்த மனிதர் அவர். ஊர் ஊராகப் போகப்போகும் ஓபராவுக்கு, ஆள் கிடைக்காத வாத்தியத்தை யார் எழுதிவைப்பார்கள்? கிடைக்காததால் விட்டது வேறு, பிடிக்காமல் விட்டது வேறு.

அந்த ஒலி அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைக் காட்சியே சொல்கிறது. லூச்சியா எட்கார்தோவின் குரல் கேட்பதாக நினைத்துக்கொண்டு வருகிறாள். முதல் அங்கத்தில் நீரூற்றருகே இருவரும் பாடிய மெட்டு இசைக்குழுவில் தலைகாட்டுகிறது. மேடையிலிருக்கும் மற்றவர்களுக்கு அது கேட்காது. கொஞ்ச நேரத்தில் அவள் கேட்கிறாள்: வானுலக இசை ஒன்று, சொல், உனக்குக் கேட்கவில்லையா? கல்யாண மந்திரம் ஒலிக்கிறது என்கிறாள். அடுத்து வரும் மெதுவான பகுதியில் டோனிசெட்டி செய்திருப்பது அன்றைய வழக்கத்துக்குத் தலைகீழ். முழு மெட்டும் வாத்தியத்துக்குப் போய்விடுகிறது. தூபம் எரிகிறது, விளக்குகள் ஜொலிக்கின்றன, இதோ குருவானவர், உன் வலக்கையைக் கொடு என்று பாடகி துண்டு துண்டாக அதன் மேல் பேசிக்கொண்டு போகிறாள். பாட்டு அவளிடம் இல்லை, வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ‘கடைசியில் நான் உன்னுடையவள்’ என்ற இடத்தில்தான் அந்த மெட்டை அவள் தன் குரலில் எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குள் அவளே நுழைந்துவிடுகிற கணம் அது. பைத்தியத்தை உச்சஸ்தாயியில் காட்டாமல் யார் கையில் மெட்டு இருக்கிறது என்பதில் காட்டியிருக்கிறார்.

இதற்குக் கண்ணாடி எவ்வளவு பொருந்தும் என்பது கேட்டால் புரியும். ஒலி தொடங்கும் இடம் தெரியாது. தொடக்கத்தில் தட்டல் என்று ஒன்று இல்லாமல் மெல்லக் கசிந்து வந்து நிறையும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். மூச்சு வாங்கும் சத்தம் கிடையாது, வில் திரும்பும் சத்தம் கிடையாது. புல்லாங்குழலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதரின் மூச்சு இருக்கிறது. அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் இன்னொரு ஆள்தான். குழல் வந்ததுமே லூச்சியாவுக்குத் துணை கிடைத்துவிட்டது.

கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரலில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் கண்ணாடி பேசாது. கை கழுவி, சோப்பின் வழுக்கல் போகும்வரை அலசி, வாசிக்கும்போதும் விரலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வேகமான சங்கதிகள் ஓடாது, ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று திரும்பத் தட்ட முடியாது. ஒலி சிறியது. சான் கார்லோ மாதிரிப் பெரிய அரங்கில் நரம்பு வாத்தியங்களை மிக மெல்ல வாசிக்கச் சொல்லி அடக்காவிட்டால் காணாமல் போகும். மைக் வைக்கலாமா கூடாதா என்று அங்கேயே ஒரு சண்டை ஆரம்பிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சுருதி. கண்ணாடியை அரைத்துச் சேர்த்த சுருதி சேர்த்ததுதான், முறுக்கி ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துச் செய்த வாத்தியத்தை, அதை 443-ல் சுருதி சேர்க்கும் ஐரோப்பிய இசைக்குழுவில் உட்கார வைத்தால் முதல் ஸ்வரத்திலேயே மானம் போகும். ஆளை அமர்த்துமுன் இதைக் கேட்டுக்கொள்ளாத நிர்வாகம் ஒத்திகையன்று விழிக்கும். இத்தனை இருந்தும், 1970-ல் பெவர்லி சில்ஸ் பாடிய ஒலிப்பதிவில் கண்ணாடி திரும்பி வந்தது. இப்போது பெரிய அரங்குகளில் அது அபூர்வமில்லை.

1889

கடென்ஸாவுக்கு வருவோம். டோனிசெட்டி அந்த இடத்தில் கடென்ஸாவே வேண்டாம் என்றா நினைத்தார்? கிடையாது. மெதுவான பகுதியின் முடிவில் ஒரு நிறுத்தக்குறி போட்டு இடம் விட்டிருக்கிறார். அன்றைய வழக்கில் அந்தக் குறிக்குப் பொருள், பாடகி இங்கே தன் மனோதர்மத்தைப் பாடிக்கொள்ளலாம் என்பது. பெர்சியானியும் தன் தொண்டைக்கு ஏற்ற ஏதோ ஒன்றை அங்கே பாடியிருப்பார். பெர்சியானியின் சுதந்திரம் அதோடு நிற்கவில்லை. பாரிஸில் பாடியபோது முதல் அங்கத்து அறிமுகப் பாட்டையே எடுத்துவிட்டு, 1834-ல் டோனிசெட்டி தனக்காக எழுதிய ‘ரொஸ்மொண்டா திங்கில்தெர்ரா’வின் பாட்டை வைத்துக்கொண்டார். டோனிசெட்டி கோபப்பட்டாரா? பிரெஞ்சு வடிவத்தில் அந்த மாற்றத்தையே நிலையாக்கிவிட்டார். ஆகவே ‘எழுதியதை மட்டும் பாடு’ என்கிற கட்சியும் 1835-க்கு விசுவாசமாக இல்லை. 1976-ல் மொன்ஸெர்ராத் காபாயே, லோபெஸ் கோபோஸ் நடத்த, எழுதிய சுருதியில், குழல் கடென்ஸா இல்லாமல் பதிவு செய்தார். மரியாதைக்குரிய வேலை. ஆனால் பாடகிக்கு என்று விட்ட இடத்தைக் கிட்டத்தட்ட வெறுமையாகவே கடந்துபோவதும் ஒருவகையில் கட்டளையை மீறுவதுதான்.

1889-ல் பாரிஸ் ஓபராவில் நெல்லி மெல்பா லூச்சியா பாடினார். குழலோடு போட்டியிடும் நீண்ட கடென்ஸா அங்கேதான் வருகிறது. அதை அமைத்தவர் என்று மெல்பாவின் ஆசிரியை மத்தில்த் மார்க்கேஸியைச் சொல்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் அந்த நீரூற்று மெட்டையே கொண்டுவந்து சொருகியிருக்கிறது, ஆகவே அந்நியமாகத் தெரியாது. இடையில் புல்லாங்குழலும் மாறியிருந்தது. தியோபால்ட் போம் 1847-ல் கொண்டுவந்த நேர் உருளைக் குழல் எல்லா ஸ்தாயியிலும் ஒரே கனத்தோடு பேசும். 1835-ன் மரக்குழலில் இந்தத் துரிதமும் சமநிலையும் கஷ்டம்.

என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு விடை இங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். தனிக்குரல் கடென்ஸா என்றால் பாடகி நாளுக்கு நாள் மாற்றலாம். தொண்டை கட்டியிருந்தால் சுருக்கலாம், உற்சாகம் வந்தால் நீட்டலாம். கூட ஒரு குழல் சேர்ந்த மறுகணம் அது முடியாது. மூன்றாம் இடைவெளியிலும் ஆறாம் இடைவெளியிலும் இருவரும் இணையாக ஓட வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்வரமும் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும், மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். குழல் வாசிப்பவர் மேடைக்கு முன்னே இசைக்குழுவுக்கான பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு பாடகி மூச்சிழுப்பதைப் பார்த்துத் தொடங்க வேண்டும். பலமாக ஊதினால் குழல் சுருதி ஏறும், மெல்ல ஊதினால் இறங்கும். வாத்தியம் சூடேறினாலும் ஏறும். இசைக்குழு அடங்கிய பத்தாவது நொடியில் பாடகி சுருதி நழுவினால், குழல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட மோசம், கடென்ஸா முடிந்து இசைக்குழு நுழையும்போது இருவரும் சேர்ந்தே நழுவியிருப்பது. இவ்வளவு ஆபத்துக்கும் ஒரே மருந்து, எல்லோரும் பாடி ஒத்திகை பார்த்த ஒரே பாடத்தைப் பாடுவது. அப்படித்தான் பாடகியின் சுதந்திரத்துக்கு விட்ட இடம் ஓபராவிலேயே மிக இறுகிப்போன இடமாயிற்று. டோனிசெட்டி எழுதாதது என்பது அதன் குற்றமில்லை. யாரும் மாற்றாமல் விட்டதுதான் குற்றம்.

இறக்கியது ஏறுவதற்கு

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. பைத்தியக் காட்சியின் பாட்டுகளை டோனிசெட்டி எழுதியது எஃப் மேஜரில், நம் கணக்கில் நாலு கட்டை. வழக்கத்தில் பாடப்படுவது ஈ-ஃப்ளாட்டில், இரண்டரைக் கட்டை. அறிமுகப் பாட்டு இரண்டரையிலிருந்து இரண்டுக்கும், அதன் கபலெட்டா ஐந்தரையிலிருந்து ஐந்துக்கும், அண்ணனோடு பாடும் பாட்டு ஆறிலிருந்து ஐந்துக்கும் இறங்கின. பாடகிகளுக்கு உயரம் எட்டவில்லை போலும் என்று தோன்றும். நிலைமை நேர்மாறு. எழுதிய சுருதியில் எழுதியபடியே பாடினால் உச்சி அவ்வளவு ஏறாது. முடிவில் எழுதியதில் இல்லாத ஒரு மேல் ஷட்ஜத்தைப் பிடிக்க ஆசைப்பட்டால்தான் நாலு கட்டையில் அது மேல் எஃப் ஆகிவிடும், பலருக்கு அது கனவு. ஒரு தொனி இறக்கினால் மேல் ஈ-ஃப்ளாட், கைக்கெட்டும். ஆக, கீழே இறக்கியதே மேலே ஏறத்தான். விலை என்ன? பாட்டின் நடுப்பகுதி முழுவதும் ஒரு தொனி கீழே வந்து, குரலின் பிரகாசம் குறைகிறது. லூச்சியாவின் பகுதிகள் மட்டும் இறங்கி மற்றவை எழுதிய இடத்திலேயே நிற்பதால், ஒட்டுப்போட்ட இடங்களும் தெரிகின்றன.

1959 பிப்ரவரியில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஜோன் சதர்லாண்ட் இந்த வழக்கத்தின் உச்சத்தை எட்டினார். அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 2023-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் நடத்துநர் ரிக்கார்தோ ஷாயி விமர்சனப் பதிப்பை வைத்து, லிசெத் ஒரொபேஸா பாட நடத்தியபோதும் யாரும் செத்துப்போய்விடவில்லை. இரண்டும் இருக்கட்டும். நான் கேட்பது குழல் இல்லாத, அந்தந்தப் பாடகியே அமைத்துக்கொண்ட ஒரு சிறு கடென்ஸாவும், அதற்கு முன்னால் கண்ணாடியும்.

போகிற போக்கில் ஒரு வார்த்தை. டோனிசெட்டி கடைசிக் காலத்தில் புத்தி கலங்கி, 1846-ல் பாரிஸ் அருகே இவ்ரியில் அடைக்கப்பட்டதை இந்தக் காட்சியோடு முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1835-ல் அவர் தெளிவாக இருந்தார். காட்சியும் அந்தத் தெளிவோடுதான் இருக்கிறது.

அதற்குச் சான்று அடுத்த காட்சியில் கிடைக்கும். அதைத்தான் ஜனங்கள் பாதி கவனத்தோடு கேட்கிறார்கள். பிரிமா டோனாவின் (முதன்மைப் பாடகியின்) காலத்தில் சில மேடைகளில் அதை வெட்டிவிட்டு, பைத்தியக் காட்சியோடு திரையை இறக்கியதும் உண்டு. ஓபராவின் முடிவை டோனிசெட்டி கொடுத்திருப்பது டெனருக்கு, அதாவது மேல்ஸ்தாயி ஆண்குரலுக்கு. கல்லறைத் தோட்டத்தில் லூச்சியா இறந்த செய்தி கேட்டு, எட்கார்தோ டி மேஜரில் ஒரு பாட்டுப் பாடுகிறான். முதல் தடவை மெட்டு முழுவதும் அவனுடையது. பிறகு குத்திக்கொள்கிறான். இரண்டாம் தடவை அந்த மெட்டைச் செல்லோக்கள் எடுத்துக்கொள்கின்றன. அவன் மூச்சு அறுந்து அறுந்து துண்டு வார்த்தைகளை மட்டும் அதன் மேல் வைக்கிறான். லூச்சியாவின் காட்சியில் வெளியே ஓடிய மெட்டுக்குள் அவள் நுழைந்தாள். இங்கே அவனிடமிருந்த மெட்டு அவனைவிட்டு வெளியே போகிறது. இரண்டு காட்சியும் ஒரே உத்தியின் இரண்டு முனைகள். நடுவில் குழலும் குரலும் போட்டி போட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டால், மெட்டு யாரிடம் இருக்கிறது என்ற கணக்கே காதிலிருந்து அழிந்துபோகிறது. செல்லோக்கள் நுழையும்போது அது ஏன் என்று கேட்பவருக்குப் புரிவதில்லை.